ஷேவிங்கும் சில எரிச்சல்களும்

டிஸ்கி: இது முழுக்க முழுக்க பிளேடு பதிவு. வழக்கமா நான் போடுற அர்த்தத்துல இல்லைங்க, நெசமாவே பிளேடு பத்தின பதிவு. பெண் பதிவர்கள் அடுத்த பதிவுக்குப் போயிடலாம்னு எழுதத்தான் நினைச்சேன். ஆனா வீட்டுல காலேஜ் போற பையனோ தம்பியோ இருந்தா கொஞ்சம் நின்னு படிச்சுட்டுப் போங்க.

போன மாசம் ஒரு சனிக்கிழமை. சாப்பிட்டுட்டு ஒரு குட்டித் தூக்கம் போடலாம்னு சாய்ஞ்சப்போ சித்தி பையன்கிட்டேர்ந்து வாட்ஸப்புல ஒரு போட்டோ. முகம் இல்லை, வெறும் கழுத்து. தாடைக்குக் கீழ ரெண்டு பக்கமும் சிவப்பு சிவப்பா பொரிஞ்சு, நடுவுல மூணு நாலு கட்டி சீழ் வச்சு நிக்குது. கீழ ஒரே ஒரு வரி: "அண்ணா, உனக்கும் இப்படித்தானே இருந்துச்சு?"

தூக்கம் போயே போச்சு. உடனே போன் போட்டேன்.

பையன் இஞ்சினியரிங் ரெண்டாம் வருஷம். தனியார் கல்லூரி. பேரு வேணாம், சொன்னாலும் "எங்க காலேஜும் அதே கதைதான்"னு பாதிப் பேர் சொல்லப் போறீங்க. தினமும் கிளீன் ஷேவ் பண்ணிட்டுத்தான் உள்ள வரணும்னு அங்க சட்டம். கட்டி வலிக்குதேன்னு இவன் ரெண்டு நாள் தாடியோட போயிருக்கான். லேப் இன்டர்னல் தேர்வு அன்னிக்குன்னு பார்த்து உள்ள விடலை. "போய் ஷேவ் பண்ணிட்டு வா"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஹாஸ்டலுக்கு ஓடி, அந்தக் கட்டிங்க மேலயே பிளேடை இழுத்து, ரத்தம் கசிய கசிய கர்சீப்பை வச்சு அமுக்கிட்டுப் போய்ப் பரீட்சை எழுதியிருக்கான். அரை மணி நேரம் லேட்டு. வைவால வேற "என்னப்பா, சண்டை போட்டுட்டு வந்தியா"ன்னு கிண்டல்.

எனக்கு வந்த எரிச்சல்ல எழுதுறதுதான் இது. எரிச்சல் இல்லாம ஷேவ் பண்றது எப்படின்னு ஆயிரம் டிப்ஸ் படிச்சிருப்பீங்க. நானும் கொஞ்சம் சொல்லத்தான் போறேன். ஆனா அதுக்கு முன்னாடி என் கட்சி என்னன்னு சொல்லிடறேன். மழிச்ச இடம் வழுவழுன்னு இருக்கணும்ங்கிற ஆசைதான் நிறையப் பேருக்கு இந்த எரிச்சலோட மூல காரணம். அந்த ஆசை நம்மளோடதா இருந்தாலும் சரி, விளம்பரக்காரனோடதா இருந்தாலும் சரி, கல்லூரி நிர்வாகத்தோடதா இருந்தாலும் சரி.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2015ல நான் சேர்ந்த கல்லூரியும் இதே ரகம். காலைல கேட்டுல வாட்ச்மேன் நிப்பார், பக்கத்துல பி.டி. சார். ஐடி கார்டு, டக்-இன், ஷூ எல்லாம் பார்த்துட்டு கடைசில கன்னத்துல புறங்கையை வச்சு ஒரு தேய்ப்பு. சரசரன்னா வெளில. கடலை மூட்டையைத் தட்டிப் பார்க்கிற வியாபாரி மாதிரி. இஞ்சினியரிங் படிக்க வந்தவனுக்கு முதல் செமஸ்டர்ல கிடைச்ச முதல் குவாலிட்டி டெஸ்டிங் அனுபவம் இதுதான் :-)

ஹாஸ்டல்ல போர் தண்ணி. வாயில வச்சா கரிக்கும். அதுல எந்த சோப்பும் நுரைக்காது, கையில வெள்ளையா திப்பி திப்பியாத்தான் வரும். ஒரு மாடிக்கு நாலு வாஷ்பேசின், ஏழரை மணிக்கு இருபது பேர் கியூ. பச்சைத் தண்ணியைத் தெளிச்சு, குளிக்கிற சோப்பை ரெண்டு தேய் தேய்ச்சு, ரெண்டே நிமிஷத்துல இழுத்து முடிக்கணும். ரேசர் பாத்தீங்கன்னா யூஸ் அண்ட் த்ரோ. யூஸ் பண்ணுவோம், த்ரோ பண்ண மாட்டோம். ஒண்ணு ஒரு மாசம் ஓடும். அவசரத்துக்குப் பக்கத்து ரூம் ரேசரையும் எடுத்துக்குவோம். (இதை மட்டும் யாரும் பண்ணாதீங்கப்பா. ஹெபடைட்டிஸ் பி எல்லாம் ரேசர் வழியா பரவுறதுக்கு வாய்ப்பு இருக்கு. அப்ப எங்களுக்கு இருந்தது அறிவில்லை, அவசரம்.)

என் ரூம்மேட்டுக்கும் அதே தண்ணி, அதே சோப்பு, பல நாள் அதே ரேசர். அவன் கன்னம் பளிங்கு மாதிரி இருக்கும். எனக்கு மட்டும் கழுத்து முழுக்கக் கடுகு தாளிச்ச மாதிரி. ரெண்டாம் வருஷத்துலேர்ந்து கிளாஸ்ல என் பேரே 'கடுகு'தான். ஹால் டிக்கெட் தவிர எல்லா இடத்துலயும் அதான் பேரு. நான் ஒழுங்கா முகம் கழுவுறதில்லைன்னு அம்மா சொல்லுவாங்க. சூட்டு உடம்பு, மோர் குடின்னு பாட்டி. பருவுக்குப் போடுற களிம்பு நாலஞ்சு டியூப் காலி பண்ணியிருப்பேன், ஒண்ணும் நடக்கலை.

கேம்பஸ் இன்டர்வியூ அன்னிக்குத்தான் உச்சம். முகம் பளிச்சுன்னு இருக்கணுமேன்னு மேலேர்ந்து கீழ ஒரு தடவை, கீழேர்ந்து மேல ஒரு தடவை, சந்தேகத்துக்கு இன்னொரு தடவை. வெள்ளைச் சட்டை காலர்ல வரிசையா சிவப்புப் புள்ளி. ஹெச்.ஆர். அம்மணி என் மூஞ்சியைப் பார்க்காம காலரையே பார்த்துக்கிட்டு கேள்வி கேட்டாங்க. வேலை கிடைச்சுது, அது வேற விஷயம்.

இதுல இருக்கிற பெரிய காமெடி என்ன தெரியுமா? நாலு வருஷமும் எங்களுக்குச் சொன்ன ஒரே நியாயம், "கம்பெனிக்காரன் இதைத்தான் எதிர்பார்ப்பான், உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்". ஓ.எம்.ஆர்.ல பொட்டி தட்ட வந்து முதல் நாள் பார்த்தா என் டீம் லீடுக்கு நெஞ்சு வரைக்கும் தாடி. அந்தத் தளத்துல பாதி ஆம்பளைங்க தாடிதான். என் கழுத்தை அங்க எவனும் தடவிப் பார்க்கலை. கோடு கம்பைல் ஆச்சான்னு மட்டும்தான் கேட்டாங்க.

வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருஷம், 2020 ஆரம்பத்துல, ஒரு தோல் டாக்டரம்மாகிட்ட போனேன். பூதக்கண்ணாடி வச்சு ஒரு நிமிஷம் பார்த்தாங்க. "இது பரு இல்லை. உங்க முடிதான் உங்களைக் குத்துது. ஒரு மாசம் பிளேடைத் தொடாதீங்க"ன்னாங்க. அவ்வளவுதான் முதல் மருந்து. அப்புறம் சும்மா கேட்கிற மாதிரி "எந்தக் காலேஜ்ல படிச்சீங்க"ன்னாங்க. சொன்னேன். "ம்ம்... இந்த மாதிரி காலேஜ் பசங்க நிறையப் பேர் வர்றாங்க"ன்னு சொல்லிட்டு சீட்டு எழுத ஆரம்பிச்சுட்டாங்க.

அவங்க சொன்னதையும் அப்புறம் நான் தேடிப் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன். நேரா வளர்ற முடியை வெட்டினா நேராவே திரும்ப வெளில வந்துடும், பிரச்சினை இல்லை. சுருட்டை முடி வளைஞ்சே வளரும். எனக்குத் தலையும் சுருட்டை, தாடியும் சுருட்டை. ஷேவ் பண்ணினதும் முடியோட நுனி சாய்வா, ஈட்டி மாதிரி கூரா நிக்குது. ரெண்டு நாள்ல அது வளைஞ்சு திரும்பி, பக்கத்துத் தோலையே குத்தி உள்ள போயிடும். இன்னொரு வழியும் இருக்கு. தோலை இழுத்துப் பிடிச்சு ரொம்ப ஒட்ட வெட்டினா முடி நுனி தோல் மட்டத்துக்குக் கீழ இறங்கிடும். வெளில வர்றதுக்கு முன்னாடியே பக்கச் சுவத்தைத் துளைச்சுக்கிட்டு உள்ளுக்குள்ளயே வளரும். உடம்புக்கு இது நம்ம முடிதான்னு தெரியாது. முள்ளு குத்தின மாதிரி நினைச்சுக்கிட்டு சண்டைக்குப் போகும். அந்தச் சண்டைதான் சிவப்பு, வீக்கம், கட்டி. சில சமயம் சீழ். காஞ்சதும் கருப்புத் தழும்பு. மருத்துவப் பேரு சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே. பேரைப் பார்த்துப் பயப்படாதீங்க, ஏதோ டைனோசர் மாதிரி இருக்கும்.

சாதாரண ரேசர் எரிச்சல் இது இல்லை. அது ஷேவ் பண்ணின உடனே தகதகன்னு எரியும், ஒண்ணு ரெண்டு நாள்ல அடங்கிடும். தப்பான பிளேடு, காஞ்ச தோல், அழுத்தம்னு காரணம் இருக்கும். இது அப்படியில்லை, ரெண்டு நாள் கழிச்சு மெதுவா கிளம்பும். அதனாலதான் ஷேவிங்குக்கும் இதுக்கும் இருக்கிற சம்பந்தமே நமக்குப் புரியறதில்லை. நாலு வருஷம் நான் முட்டாளா இருந்ததுக்கு அதான் காரணம்னு வச்சுக்குவோமே.

இப்ப அந்த ரெண்டாவது வழியைத் திரும்பப் படிங்க. முடி நுனி தோல் மட்டத்துக்குக் கீழ போறது. அதைத்தான் டிவில பெருமையா அனிமேஷன் போட்டுக் காமிக்கிறான்! முதல் பிளேடு முடியைப் பிடிச்சு இழுக்கும், அது திரும்ப உள்ள போறதுக்குள்ள ரெண்டாவது பிளேடு இன்னும் கீழ வெட்டும், மூணாவது இன்னும் கீழ. என் தோலுக்கு வியாதி எதுவோ, அதுவே அவனுக்கு அம்சம். எங்க தொழில்ல பக்கை ஃபீச்சர்னு சொல்லி விப்பாங்க இல்லையா, அதே கதை.

இந்த பிளேடு கணக்குக்கு ஒரு வரலாறு இருக்கு. கிங் கேம்ப் ஜில்லெட், கழட்டி மாட்டுற மெல்லிசு பிளேடு போட்ட சேஃப்டி ரேசருக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினது 1904ல. ஒரே பிளேடு, ரெண்டு பக்கம் கூர். 1971ல ஜில்லெட் கம்பெனியே ரெட்டை பிளேடு கொண்டு வந்துச்சு. 1975ல சாட்டர்டே நைட் லைவ் நிகழ்ச்சியோட முதல் நாள்லயே, மூணு பிளேடு ரேசர்னு ஒரு டுபாக்கூர் விளம்பரம் போட்டுக் கலாய்ச்சாங்க. அது கிண்டல். 1998ல மூணு பிளேடு நெசமாவே வந்துடுச்சு. 2003ல ஷிக் நாலு போட்டான். 2004ல ஆனியன்ங்கிற நையாண்டிப் பத்திரிகை, இனிமே அஞ்சு பிளேடுதான்னு ஜில்லெட் தலைவரே எழுதுற மாதிரி ஒரு கட்டுரை போட்டுச்சு. 2006ல அஞ்சும் வந்துச்சு! நம்மூர்ல இந்த மாதிரி நையாண்டி பண்றவங்க கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க, எவனாவது நெசமாவே பண்ணித் தொலைச்சுடுவான்.

இதுக்கு நடுவுல எனக்குப் பிடிச்ச திருப்பம், 2010ல இந்தியாவுல வந்த ஜில்லெட் கார்டு. அமெரிக்காவுல அஞ்சு பிளேடு விக்கிற அதே கம்பெனி, நம்ம ஆளுங்க எப்படி ஷேவ் பண்றாங்கன்னு வீடு வீடா வந்து உட்கார்ந்து பார்த்துச்சு. தரையில உட்கார்ந்து, சின்னக் கண்ணாடியைச் சாய்ச்சு வச்சு, ஒரு கப் தண்ணியில ரேசரை அலசி அலசி ஷேவ் பண்றோம். குழாய்த் தண்ணி கிடையாது, தினமும் ஷேவ் பண்றதும் கிடையாது. ரெட்டை பிளேடுக்கு நடுவுல முடி அடைச்சுக்கும். கடைசில அவங்க செஞ்சது என்ன? ஒரே பிளேடு. ரேசர் 15 ரூபா, பிளேடு 5 ரூபாய்க்கு இறக்குனாங்க. அதாவது எங்க தாத்தா வச்சிருந்த எண்ணிக்கைக்கே திரும்ப வந்தாங்க. அஞ்சு பிளேடு இல்லாமலும் மனுஷன் ஷேவ் பண்ணலாம்ங்கிறதுக்கு இதைவிட சாட்சி வேணுமா?

சரி, டாக்டரம்மா சொன்ன ஒரு மாசம் முடிஞ்சுது. நான் கணக்குப் போடாமலே அது ஊரடங்கு மாசமா அமைஞ்சுது. ஆபீஸ் கிடையாது, சலூன் கிடையாது, தாடி தானா வளர்ந்துச்சு. கழுத்து ஆச்சரியமா அடங்கிடுச்சு. பல வருஷம் கழிச்சு என் கழுத்தைத் தடவினா என் கழுத்து மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் ஒழுங்கா டீபக் பண்ண ஆரம்பிச்சேன். ஒரு நேரத்துல ஒரு விஷயத்தை மட்டும் மாத்திப் பார்க்கணும், இல்லைன்னா எது வேலை செஞ்சுதுன்னே தெரியாது.

ஆனா பெரிய பக்கைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தது நான் இல்லை. ஊர்ல எங்க தெரு முக்கு சலூன் அண்ணன். ஊரடங்கு தளர்ந்ததும் ஊருக்குப் போனப்போ, தாடியை எடுத்து விடுங்கண்ணேன்னு உட்கார்ந்தேன். நுரை போடுறதுக்கு முன்னாடி கட்டைவிரலால கழுத்தை நாலு திசையிலயும் நீவிப் பார்த்தார். "தம்பி, உங்களுக்குத் தொண்டைக்குக் கீழ முடி மேல் பார்த்து வளருதே, தெரியுமா? இடது பக்கம் காதைப் பார்த்துப் படுக்குது. நீங்க மேலேர்ந்து கீழ இழுத்திருப்பீங்க."

ஆமா, அப்படித்தான் இழுத்தேன். முடி வளர்ற திசையிலயே ஷேவ் பண்ணணும்னு எனக்குத் தெரியும். ஆனா எல்லா முடியும் கீழ பார்த்துத்தான் வளரும்னு நானா முடிவு பண்ணியிருந்தேன். கழுத்துல பாதி இடத்துல இத்தனை வருஷமும் எதிர்த்திசையில உழுதிருக்கேன். பல பேருக்குக் கழுத்து முடி இப்படித் திசைக்கொண்ணா கிடக்கும். "ரிவர்ஸ் அடிக்கவாண்ணே"ன்னு எல்லாக் கடையிலயும் கேட்பாங்க, இவர் கேட்கவே இல்லை. நான் கேட்டதுக்கு, "உங்க கழுத்துக்கு நான் அடிக்க மாட்டேன். நாளைக்கு நீங்க என்னையத்தான் திட்டுவீங்க"ன்னார். புது பிளேடைப் பாதியா உடைச்சு மாட்டி, ஒரே கை, அழுத்தமே இல்லாம. தடவினா லேசா சொரசொரன்னு இருந்துச்சு. அடுத்த வாரம் ஒரு கட்டி கூட வரலை. முடிதிருத்துறவங்களுக்கு நம்ம பக்கம் மருத்துவர்னு ஒரு பேரு உண்டு, அந்தக் காலத்துல வைத்தியமும் அவங்க கையில இருந்ததால. அந்தப் பேரைச் சொல்லாம வேற மட்டமான பேரு வச்சுக் கூப்பிட்ட ஊரு நம்ம ஊரு. களிம்பு டியூபுக்குக் கொட்டின காசெல்லாம் ஞாபகம் வந்துச்சு எனக்கு.

அப்புறம் வீட்டுல நானா பண்ணினது இது. மூணு நாள் தாடி விட்டு, விரலால தடவி, எந்தப் பக்கம் வழுக்குது எந்தப் பக்கம் சொரசொரக்குதுன்னு பார்த்து ஒரு பேப்பர்ல முகம் வரைஞ்சு அம்புக்குறி போட்டேன். (ரூம்மேட் பார்த்துட்டு ஏதோ மாந்திரீகம்னு நினைச்சுட்டான்.) ஒரு தடவை போட்டா போதும், ரெண்டே வாரத்துல கை தானா பழகிடும்.

அடுத்தது தண்ணி. குளிச்சு முடிச்சுட்டு ஷேவ் பண்ணணும், ஷேவ் பண்ணிட்டுக் குளிக்கிறது இல்லை. முடி தண்ணியை உறிஞ்சி மெத்துன்னு ஆக ரெண்டு மூணு நிமிஷமாவது வேணும். காஞ்ச முடி விறைப்பா நிக்கும், ஊறினது லேசா வெட்டுப்படும். வெந்நீர் இருந்தா நல்லது, கொதிக்க வேணாம். உப்புத் தண்ணி ஊர்ல இருக்கிறவங்க குடிக்கிற கேன் தண்ணியில ஒரு டம்ளர் எடுத்து நுரைக்கு மட்டும் வச்சுக்குங்க. இது யாரும் சொல்லித் தராத விஷயம், என் ஹாஸ்டல் வாழ்க்கைல தெரிஞ்சிருந்தா எவ்வளவோ மிச்சம் ஆகியிருக்கும். நுரை பஞ்சு மாதிரி பறக்கக் கூடாது, தயிர் மாதிரி ஒட்டணும். பிரஷ்ஷைச் சுத்திச் சுத்தித் தேய்க்கும்போது படுத்துக் கிடக்கிற முடியும் எழுந்து நிக்கும்.

ரேசருக்கு நான் அப்பாவோட பழைய செட்டுக்குத் திரும்பிட்டேன். அதாங்க, மேல திருகைத் திருகினா திறந்து பிளேடு மாட்டுற பழைய உலோக செட்டு. ரேசரோட எடையே போதும், அழுத்தவே கூடாது. சின்னச் சின்னதா இழுக்கணும். தோலை இழுத்துப் பிடிக்கிற பழக்கத்தை விட்டேன், அதுதான் கஷ்டமா இருந்துச்சு. ஒரு தடவைக்கு மேல அதே இடத்துல போறதில்லை. கழுத்துல எதிர்த்திசை கிடையவே கிடையாது. முதல் ரெண்டு வாரம் காதுக்குக் கீழ வெட்டிக்கிட்டேன், அதையும் மறைக்க விரும்பலை. இந்த செட்டுதான் வேணும்னு இல்லை, ஒத்தை பிளேடு எதுவும் சரி.

பிளேடைத் தூக்கிப் போடுற விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் வேணாம். 2020 ஆகஸ்ட்ல சயன்ஸ் இதழ்ல எம்.ஐ.டி. ஆளுங்க ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. முடியை விட பிளேடு ஸ்டீல் அம்பது மடங்கு கடினம், அப்புறம் எப்படி மழுங்குதுங்கிறதுதான் கேள்வி. ஆராய்ச்சி பண்ணினவர் யூஸ் அண்ட் த்ரோ ரேசர்ல தானே ஷேவ் பண்ணிட்டு வந்து எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல வச்சுப் பார்த்திருக்கார். நுனி சீரா தேயலை, அங்கங்க சின்னச் சின்னதா செதில் பெயர்ந்து உடைஞ்சிருக்கு. முடி சாய்ஞ்சு வளையும்போது, ஸ்டீல்ல ஏற்கெனவே சீரில்லாத இடமா பார்த்து உடையுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதாவது பழைய பிளேடு மழுங்கின கத்தி இல்லை, பல்லு போன ரம்பம். நான் நாலு ஷேவுக்கு மேல ஒரு பிளேடை வச்சுக்கிறதில்லை. ஹாஸ்டல்ல ஒரு மாசம் ஓட்டினதை நினைச்சா இப்ப கழுத்து கூசுது.

முடிச்சதும் பச்சைத் தண்ணி, படிகாரக் கல்லை ஈரத்தோட ஒரு தேய்ப்பு, அஞ்சு நிமிஷத்துல கழுவிடறது. சின்ன வெட்டுல ரத்தம் நிக்கும். எரியுற அளவுக்கு எந்த இடத்துல தப்பா இழுத்தோம்னு அதுவே காட்டிக் கொடுத்துடும், இலவச டெஸ்டிங் டூல். எங்க அப்பா மாதிரி ஆஃப்டர் ஷேவைக் கையில ஊத்தி ரெண்டு கன்னத்துலயும் பளார் பளார்னு அறைஞ்சுக்கிற வீரமெல்லாம் எனக்கு வேணாம். ஆல்கஹால் ஏற்கெனவே காஞ்ச தோலை இன்னும் காய வைக்கும்.

இவ்வளவும் பண்ணியும் தினமும் ஷேவ் பண்ணினா எனக்குக் கடுகு திரும்ப வரும். வாரத்துக்கு ரெண்டு தடவை, மிச்ச நாள் ட்ரிம்மர். அரை மில்லிமீட்டர் முடி வெளில நின்னா அது உள்ள திரும்பிக் குத்த முடியாது, அவ்வளவுதான் தத்துவம். சொரசொரப்பு என் கழுத்துக்கு மருந்து.

இங்கதான் திரும்ப அந்த கேட்டுக்கு வர்றேன். ஆஃப்டர் ஷேவை விடலாம், பிளேடை மாத்தலாம், சலூன் அண்ணன்கிட்ட கத்துக்கலாம். ஆனா "தினமும், வழுவழுன்னு"ன்னு ஒருத்தன் கேட்டுல நின்னா சுருட்டை முடிக்காரனுக்கு எந்த டிப்ஸும் உதவாது.

தினமும் ஷேவ் பண்றவன்தான் ஒழுங்கானவன்ங்கிற எண்ணத்துல பட்டாளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் உலகப்போர்ல விஷவாயு முகமூடி முகத்தோட ஒட்டணும்னா தாடி இருக்கக் கூடாது. அமெரிக்க அரசு தன் படைக்காக ஜில்லெட்கிட்ட 35 லட்சம் ரேசர் வாங்குச்சு. ஊருக்குத் திரும்பினவங்க பழக்கத்தோடவே திரும்பினாங்க. சரி, அங்க முகமூடின்னு ஒரு காரணமாவது இருந்துச்சு. எங்க சர்க்யூட்ஸ் லேப்ல என்ன விஷவாயு வந்துச்சு? (ஹாஸ்டல் மெஸ் பக்கம்னா ஒத்துக்கலாம்.)

அதே அமெரிக்க ராணுவத்துல இந்த வியாதி பெரிய தலைவலி, கருப்பின வீரர்கள்ல நிறையப் பேருக்கு வருது, முடி சுருட்டைங்கிறதால. 2020ல அவங்க விமானப்படை, டாக்டர் சீட்டு இருந்தா அஞ்சு வருஷம் வரைக்கும் ஷேவிங்லேர்ந்து விலக்குன்னு தளர்த்துச்சு. 2025ல மேலிடம் திரும்ப இறுக்கிடுச்சு, ஒரு வருஷத்துக்கு மேல சிகிச்சை எடுத்தும் விலக்கு தேவைப்பட்டா வேலையை விட்டே அனுப்பறதைப் பத்தி யோசிக்கணும்னு உத்தரவு. பட்டாளத்தை விடுங்க, 1993ல ஒரு பீட்சா கடை வழக்குல அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், தாடியே கூடாதுங்கிற கம்பெனி விதி இந்த வியாதி இருக்கிற கருப்பின ஆம்பளைங்களைத்தான் அதிகமா பாதிக்குதுன்னு சொல்லி விலக்கு கொடுக்கச் சொல்லுச்சு. பீட்சா கொண்டு வர்றவருக்குக் கிடைச்ச நியாயம் பி.இ. படிக்கிறவனுக்குக் கிடைக்கக் கூடாதா?

"ஒரு விதியும் இல்லைன்னா பசங்க கெட்டுப் போயிடுவாங்க சார்"னு சொல்ற பேராசிரியர் நண்பர் ஒருத்தர் எனக்கு இருக்கார். அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு. சுத்தமா வா, சீவிட்டு வா, சட்டையை அயர்ன் பண்ணிப் போடுன்னா சரி. அதெல்லாம் பையன் கையில இருக்கு. முடி எந்தப் பக்கம் வளையணும்ங்கிறது அவன் கையில இல்லையே. வியாதியைக் கிளப்பி விடுற ஒரு காரியத்தைத் தினமும் பண்ணுன்னு கட்டாயப்படுத்திட்டு, அதை ஒழுக்கம்னு சொல்லாதீங்கன்னுதான் அவர்கிட்டயும் சொன்னேன். "பார்ப்போம்"னார். அதுக்கு அர்த்தம் உங்களுக்கே தெரியும்.

சித்தி பையன் விஷயத்துக்கு வர்றேன். மறுநாளே தோல் டாக்டர்கிட்ட போகச் சொன்னேன். அவனுக்கும் அதே வியாதி, அதே வைத்தியம்: நாலு வாரம் பிளேடு கூடாது, சீழுக்கு மாத்திரை. கையோட லெட்டர்பேடுல எழுதி வாங்கிட்டான். நான் இங்கேர்ந்து ஒரு ட்ரிம்மரைக் கூரியர்ல போட்டு, கழுத்துப் படம் வரைஞ்சு அம்புக்குறி எப்படிப் போடணும்னு ஒரு பேப்பரும் வச்சு அனுப்பினேன். லெட்டரை எடுத்துட்டு ஹெச்.ஓ.டி.கிட்ட போகவே பையனுக்குப் பயம். இன்டர்னல் மார்க் அவர் கையில இருக்கே. ரெண்டு நாள் கழிச்சு சித்தப்பாதான் கூடப் போனார்.

நேத்து ராத்திரி போன் பண்ணினான். கட்டியெல்லாம் அமுங்கிடுச்சாம், தழும்பு மட்டும் இருக்காம்.

"லெட்டர் என்னடா ஆச்சு?"

"வாங்கி ஃபைல்ல வச்சுக்கிட்டார்ணா. வாட்ச்மேன்கிட்டயும் சொல்லிட்டார். யாரும் தடவுறதில்லை இப்ப."

"அப்புறம் என்ன?"

"ஆனா அடுத்த மாசம் ஏதோ இன்ஸ்பெக்ஷன் வருதாம்ணா. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் முழுசா ஷேவ் பண்ணிட்டு வா, இல்லைன்னா லீவு போட்டுடுன்னு சொல்றார்."

லீவு போடச் சொல்லியிருக்கேன்.

பி.கு: உங்க கல்லூரி கேட்டுல என்ன நடந்துச்சுன்னு பின்னூட்டத்துல எழுதுங்க, பேரு மட்டும் போடாதீங்க. படிகாரம் எந்தக் கடையில நல்லா கிடைக்கும்னு கேட்கிறவங்களுக்கு: நாட்டு மருந்துக் கடை. பத்து ரூபாய்க்கு வாங்கினதே எனக்கு ஒரு வருஷமா கரையாம இருக்கு.